ஆறு மணிக்கு வந்து பாருங்க

கோட்டு தைக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தெரு. அந்தத் தெருவில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. ஜிப் தைப்பவருக்கு ஜிப், இஸ்திரி போடுபவருக்கு இஸ்திரி. ஜிப்பின் மகளுக்கு மட்டும் சூப்பர்வைசர் என்று பெயர்.

அவளுக்கு வயது பதினொன்று. தண்ணீர்க் குழாயில் யாராவது வரிசையில் முந்தினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிடுவாள். தொழிற்சாலையில் இருந்த உண்மையான சூப்பர்வைசரைவிட இவளுக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள்.

இந்தச் சின்னச் சூப்பர்வைசருக்கு இப்போது ஒரு கஷ்டம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வழி முழுக்க லாரிகள். நடந்து போக முடியாது. அப்பாவுக்கு இரவு ஷிப்ட் என்பதால் காலையில் வந்ததும் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். பிறகு தூங்குவார், நாலு மணிக்குப் போய் அழைத்து வருவார். அடுத்த மாதத்திலிருந்து அவரையும் அம்மா மாதிரி பகல் ஷிப்டுக்கு மாற்றப் போகிறார்கள். காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் அவளை யார் பள்ளிக்கு அழைத்துப் போவது?

சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. சித்தியின் ஊர் ஒன்றரை நாள் ரயில் தூரம். ஒரு வருஷம்தானே என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. நகராட்சி பஸ் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே திரும்பிவிடும். இருநூறு பேருக்கு மேல் குடியிருக்கும் தெரு என்றால் அங்கே வரை பஸ் வரும் என்று புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். போன வாரம் ஒரு மேடம் வந்து கணக்கெடுத்துவிட்டும் போயிருந்தார்.

புதன்கிழமை மாலை கடைச் சுவரில் அந்தக் கணக்கை ஒட்டினார்கள். தெருவில் குடியிருப்போர் அறுபத்து மூன்று பேர். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லலாம்.

சூப்பர்வைசர் அதை மூன்று தடவை படித்தாள். குழாயடியில் ஒரு வேளைக்கு நிற்கும் வரிசையே அறுபத்து மூன்றைத் தாண்டுமே. வீடுகளின் பட்டியலைப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் வீடே அதில் இல்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பும்போதுதான் அம்மா வேலை முடிந்து வருவாள். வாசலில் ஐந்து நிமிஷம் மட்டும் மூன்று பேரும் சேர்ந்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் கேட்டாள்.

"அப்பா, நம்மளை ஏன் எழுதலை?"

அப்பா தலையைச் சொறிந்தார். "சொந்த ஊர் எதுன்னு கேட்டாங்க, சொன்னேன். இங்கேயே நிரந்தரமான்னு கேட்டாங்க. இல்ல மேடம், அடுத்த வருஷம் ஊருக்குக் கிளம்பிடுவோம்னேன்."

"அடுத்த வருஷம்னு பத்து வருஷமா சொல்றீங்கப்பா."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவினார்.

சூப்பர்வைசருக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை என்பதால் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் இஸ்திரி மாமாவிடம் போனாள். அவர் அப்போதுதான் தூங்கி எழுந்து, கொடியில் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க இங்கேதானே குடியிருக்கீங்க?"

"குடியிருக்கிறதெல்லாம் ஊர்ல. இங்கே சும்மா இருக்கேன், அவ்வளவுதான்."

பக்கத்து அறையிலும் அதே பதில். அதற்கடுத்த அறையிலும் அதே பதில். இங்கே குடியிருக்கிறேன் என்று சொன்னால் ஊர் கையை விட்டுப் போய்விடும் என்பதுபோல எல்லாரும் பதறினார்கள். அவளுக்கு அது கொஞ்சம் புரிந்தது. திட்டினால் காரியம் நடக்காது என்பதும் புரிந்தது. திரும்பவும் இஸ்திரி மாமாவிடம் வந்தாள்.

"மாமா, இந்தச் சட்டை யாரோடது?"

"என்னோடதுதான்."

"போன வாரம் இதை எங்கே காயப்போட்டீங்க?"

"இதே கொடியில."

"போன வருஷம்?"

இஸ்திரி மாமா கொடியைப் பார்த்தார். அதற்கு முந்தைய வருஷத்தையும் அவள் கேட்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஒன்பது வருஷமா இங்கேதான் காயுது. சரி, எழுதிக்கோ. ஆனா குடியிருக்கிறவன்னு எழுதாதே. துணி காயப்போடுறவன்னு எழுது."

அப்படியே எழுதினாள். நோட்டின் மேலே பெரிய எழுத்தில் 'இங்கே துணி காயப்போடுகிறவர்கள்' என்று தலைப்புப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில் எத்தனை வருஷம் என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் சொந்த ஊருக்கு இன்னொரு கட்டம். தன் ஊர் பத்திரமாக நோட்டில் இருப்பதைப் பார்த்ததும் பலருக்கு முகம் மலர்ந்தது. ஒரு அக்கா ஊரின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

இன்னொரு விஷயமும் அவளுக்கு அப்போது பிடிபட்டது. ஒரே அறையில், ஒரே பாயில், பகலில் ஒருவர் தூங்குவார், இரவில் இன்னொருவர் தூங்குவார். மேடம் வந்தது காலை பதினோரு மணிக்கு. பாதிப் பேர் தொழிற்சாலையில் இருந்தார்கள், மீதிப் பேரில் பலர் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். இரண்டு ஷிப்டும் ஒன்றாகத் தெருவில் நிற்பது காலையும் மாலையும் ஆறு மணிக்கு மட்டும்தான். அன்று மாலை குழாயடியில் நின்றுகொண்டு மீதிப் பெயர்களை எழுதினாள். மொத்தம் இருநூற்று இருபத்தாறு.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அப்பாவை நேராக நகராட்சி அலுவலகத்துக்குச் சைக்கிளை விடச் சொன்னாள். கணக்கெடுத்த மேடம் பையை மூடிக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தலைப்பைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நல்லா எழுதியிருக்கே பாப்பா. ஆனா உன் நோட்டைப் பார்த்து நான் ஃபாரம் நிரப்ப முடியாது. நானே நேர்ல கேட்கணும்."

"ஆறு மணிக்கு வந்து பாருங்க மேடம். கால் மணி நேரம் போதும்."

"எனக்கு அஞ்சு மணியோட வேலை முடியுது."

அப்பா போகலாம் என்று மெல்ல அவள் தோளைத் தொட்டார். அவள் அசையவில்லை.

"நீங்க வந்த நேரம் எல்லாரும் வேலையிலும் தூக்கத்திலும் இருந்தாங்க. அது உங்க தப்பு இல்ல மேடம். ஆனா பஸ் வரலைன்னா எங்க அப்பா அம்மாவை விட்டுட்டு நான் மட்டும் ரயில்ல போகணும். எனக்குப் போக இஷ்டமில்ல."

மேடம் பையைத் திரும்பத் திறந்தார். ஃபாரங்களை வெளியே எடுத்தார்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. தொழிற்சாலைக் கதவு திறந்ததும் ஒரு கூட்டம் தெருவுக்குள் வந்தது. அறைகளிலிருந்து இன்னொரு கூட்டம் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தது. மேடம் குழாய்த் திட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, வாயில் கை வைத்துப் பார்த்தார்.

முதல் ஆளிடம் சொந்த ஊர் எது என்று அவர் கேட்க ஆரம்பித்ததுமே சூப்பர்வைசர் குறுக்கே புகுந்தாள். "அதைக் கடைசியா கேளுங்க மேடம். எத்தனை வருஷமா இருக்காங்கன்னு முதல்ல கேளுங்க."

மேடம் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருப்பவர் எந்த ஊராக இருந்தாலும் சேர்க்கலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன்பிறகு எழுதுவது மளமளவென்று நடந்தது.

நடுவில் இஸ்திரி மாமா சும்மா இருக்காமல் நியாயம் பேசினார். "துணி ஒரு நாட்டிலிருந்து வருது, ஜிப் ஒரு நாட்டிலிருந்து வருது. நாங்க தைக்கிற கோட்டு எங்கேயோ பனி பெய்ற நாட்டுக்குப் போகுது. ஒரு கோட்டு இத்தனை தூரம் சுத்துது மேடம். எங்க தெருவுக்கு ரெண்டு கிலோமீட்டர் பஸ் வர மாட்டேங்குது."

மேடம் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

கடைசியாக நின்றது ஜிப். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எத்தனை வருஷம் என்று மேடம் கேட்டதும் அவர் வாய் வழக்கம்போல 'அடுத்த வருஷம்' என்று ஆரம்பித்தது. மகள் அவரைப் பார்த்தாள். அம்மா வேலையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பத்து வருஷம் மேடம். இவ நடக்கப் பழகினதே இந்தத் தெருவுலதான். நாங்க மூணு பேர். இங்கேதான் இருக்கோம். எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி வேகமாகப் போய்விட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அம்மாவும் மகளும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் தெருமுனைக்கு வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, வழி தவறிச் சந்தைக்கு வந்துவிட்டோமோ என்று கண்டக்டரிடம் கேட்டார். பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்து எல்லாரையும் வரிசையாக ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். ஒரு இடம்கூடக் காலியில்லை.

கம்பியைப் பிடித்து நின்றபடி பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். கால் வலித்தது, ஆனால் அதைப்பற்றி அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை.