மனப்பாடக் கணவர்

"மேக்னானிமஸ்... மேக்னானிமஸ்னா பெருந்தன்மை..."

முணுமுணுத்துக்கொண்டே ஆங்கிலப் பயிற்சி மையத்தின் படியேறியவள், மேலிருந்து இறங்கி வந்தவன் மேல் நேரே போய் மோதினாள். அவளுடைய நனைந்த குடை அவன் சட்டை முழுக்கத் தண்ணீரைக் கொட்டியது.

"கண்ணு தெரியல?" என்றாள். மோதியதும் அவள், கோபித்ததும் அவள்... நியாயத்தைப் பாருங்கள்!

அவன் சட்டையை உதறிக்கொண்டு சிரித்தான். "பெருந்தன்மையா மன்னிச்சுட்டேன், சிஸ்டர்."

அவள் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிட்டான். நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனால் சிரிப்பில் மின்னிய அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரன் கூப்பிட்டபோது மட்டும் ஏனோ எரிச்சலாக வந்தது.

அவன் வேறொரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். வகுப்புக்குப் புதிது. வெளிநாட்டு வேலைக்காக இருவரும் ஒரே ஆங்கிலத் தேர்வுக்குத்தான் படித்தார்கள். எழுத்தில் அவள் புலி. பேச்சுத் தேர்வில்தான் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். எதிரே ஆள் உட்கார்ந்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கே டீச்சர் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். அவள் திக்கினாள். அவன் எடுத்துக் கொடுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை... சும்மா காத்திருந்தான். வார்த்தை வந்தது! அடுத்தடுத்த வகுப்புகளில் கடகடவென்றே வந்தது. வகுப்பு இல்லாத நாட்கள் அவளுக்குப் பிடிக்காமல் போயின. ஐயோ, இது எங்கே போய் முடியுமோ...

மாதிரித் தேர்வு வந்தது. தலைப்பு, 'நீங்கள் மதிக்கும் ஒருவர்.' அவள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாள். டீச்சரே கைதட்டினார். அவன் முகம் மட்டும் தொங்கிப்போனது.

அடுத்த வகுப்பில் அவன் கடைசி பெஞ்சில் வேறு ஆளோடு உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. நல்லாப் பேசிட்டேன்னு பொறாமையா? போனா போகட்டுமே! சில நாள் வைராக்கியமாகத்தான் இருந்தாள். ஆனால் டீச்சர் அவளோடு சேர்த்துவிட்ட புது ஜோடியின் முன்னால் வாயே திறக்க வரவில்லை. பரீட்சையோ நெருங்கிவிட்டது. அது போனால் இன்னொரு தரம் எழுதிக்கொள்ளலாம். இவன் போய்விட்டால்...?

ஒரு மாலையில் பஸ் நிறுத்தத்தில் அவனை மடக்கினாள். நல்ல மழை.

"நான் என்ன தப்புப் பண்ணேன்? இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?"

"தப்பெல்லாம் இல்லீங்க. உங்க வீட்டுக்காரர் ஏதும் நினைச்சுக்கக் கூடாதுல்ல..."

"எந்த வீட்டுக்காரர்?"

"அதான்... மலையெல்லாம் ஏறுவாரே, பியானோ வாசிப்பாரே... அன்னைக்கு அப்படிப் புகழ்ந்து தள்ளினீங்களே! எனக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே மூச்சு வாங்குது."

ஒரு நொடி விழித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட கடவுளே! அது பழைய கைடுல இருந்த மாடல் ஆன்சருங்க! 'என் கணவர்'னுதான் ஆரம்பிக்கும். கஷ்டமான வார்த்தையா நிறைய இருந்துச்சு, அப்படியே உருப்போட்டுட்டேன். எனக்குக் கல்யாணமே ஆகல!"

"மார்க்குக்காக ஒரு புருஷனையே உருப்போட்டீங்களா?"

"பின்ன? பரீட்சையாச்சே!"

அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் குரல் தணிந்தது. "அப்போ... நிஜமா வர்றவர் எப்படி இருக்கணும்?"

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. படித்த பெரிய வார்த்தை ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. பஸ் வந்தது, போனது. அவன் ஏறவில்லை.

"மலை ஏற வேணாம்," என்றாள் மெல்ல. "நான் திக்கினா சிரிக்காம இருந்தா போதும். எனக்கு... எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. நீங்க அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததுலேர்ந்து சோறே இறங்கல."

அவன் காதுவரை சிவந்துவிட்டான்.

"எனக்கு மட்டும் இறங்குச்சாக்கும்? அந்த மலை ஏறுற மனுஷன் இல்லாமலே போயிடக் கூடாதான்னு தினமும் நினைப்பேன். உடனே பாவம்னு தோணும், மனசுக்குள்ள மன்னிப்பும் கேட்டுக்குவேன். மறுநாள் திரும்பவும் நினைப்பேன்... உங்களை அவ்வளவு பிடிக்குதுங்க எனக்கு."