அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு

பூட்டியே கிடந்த அறை. மழை பெய்து மூன்று மாதமாகிறது. ஆனாலும் பதிவேட்டைத் திறந்ததும் ஈர மண் வாடை குப்பென்று வந்தது. ஹரிஷங்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அரசாங்க ஆபீஸ் என்றால் இப்படித்தான், கூரை ஒழுகும், ஒருத்தனும் ஏறிப் பார்க்க மாட்டான் என்று நினைத்தான்.

பரவை ஊரைத் தாண்டி இந்தப் பொட்டல் கிராமத்துக்கு அவன் வந்ததே ஒரு தேதிக்காகத்தான். அப்பாவின் சதாபிஷேகத்துக்கு வம்ச வரலாறு என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். நாளை அச்சுக்குப் போக வேண்டும். கொள்ளுத்தாத்தா பஞ்சாபகேசய்யர் இறந்த தேதி மட்டும் கிடைக்கவில்லை. அவர் நாற்பது வருடம் இந்த ஊர் கர்ணம். நிலக்கணக்கிலிருந்து பிறப்பு இறப்பு வரை அவர்தான் எழுதினார். அச்சடித்த மாதிரி கையெழுத்து, ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது என்பது வீட்டில் சோறோடு ஊட்டி வளர்த்த பெருமை.

"சார், அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன். சீக்கிரம் பாத்துக்கங்க," என்றாள் எழுத்தர் பாண்டிமீனா. அவள் தன் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எங்க கொள்ளுத்தாத்தா எழுதின புஸ்தகம்மா இது. நீங்கள்லாம் வச்சிருக்கற லட்சணம் நன்னாருக்கு."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். மரியாதை தெரியாத ஜன்மம்.

வாந்திபேதி வந்த வருடத்துப் பக்கங்கள் வந்தன. ஊர்க்காவல் பார்த்த தலையாரி சுருளி செத்தவர்களின் பெயரை வேப்பமரத்தடியில் நின்று கத்துவான், கர்ணம் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே எழுதிக்கொள்வார். சேரிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. இதையும் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அவனும் சிரித்திருக்கிறான்.

பக்கத்தின் நடுவில், முனியாயி, வயது பத்தொன்பது, பண்ணைக்கூலி. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'மூச்சு இருப்பதாகத் தலையாரி சாயங்காலம் வந்து சொன்னான். எழுதியாகிவிட்டது. புதைக்கச் சொன்னேன்.'

இரண்டு தடவை படித்தான். உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்தக் காலம் அப்படி, இதையெல்லாம் புத்தகத்தில் போடவா போகிறோம் என்று தாளைப் புரட்டினான்.

தேடியது கிடைத்தது. பஞ்சாபகேசய்யர், கர்ணம், ஆடி பதினேழு. செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனவன் கை அப்படியே நின்றது. அதே அச்சுக் கையெழுத்து. தன் சாவை அவரே எழுதியிருந்தார்.

தகவல் சொன்னவர் என்ற கட்டத்தில் முனியாயி என்றிருந்தது. பக்கத்தில் கைநாட்டு. மை இல்லை, மண். தொட்டுப் பார்த்தான். ஈரம்.

அடுத்த வரியில் தாத்தா. அதற்கடுத்து பெரியப்பா, ஆரப்பாளையத்தில் பஸ் மோதிச் செத்தவர். அவர் போய் மூன்று வருடம்தான் ஆகிறது. அதே கையெழுத்து. அதே முனியாயி. அதே மண்.

அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

மின்விசிறி நின்றது. வெளியே, ஆபீஸ் வளாகத்து வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தூரத்தில் நின்று கத்துகிற குரல். கிட்டே வரக்கூடாது என்று பழக்கப்பட்ட குரல்.

"சாமீ... எழுதிக்கங்க சாமீ..."

பாண்டிமீனா குனிந்த தலையோடு வந்து, பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

"ஹரிஷங்கர். வயசு நாப்பத்தொண்ணு," என்றது வெளியே அந்தக் குரல்.

பேனா ஓடியது.

"ஏம்மா! என்ன எழுதறேள்? நான் உயிரோடதானே இருக்கேன்! இதோ நிக்கறேன், என்னைப் பாருங்கோ! அதை அடிங்கோ!"

அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். அவன் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லாதது மாதிரி பார்த்தாள்.

"எழுதியாச்சே," என்றாள்.

வெளியே மண்வெட்டி விழுந்தது. ஒருமுறை. மறுபடி. கதவை நோக்கி ஓடினான். கால் நகரவில்லை. குனிந்து பார்த்தான். முழங்கால்வரை மண். இடுப்புவரை. கத்த வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. வாயிலிருந்து ஈர மண் உதிர்ந்தது.

பாண்டிமீனா புது வரியின் மேல் குனிந்து, மை காய்வதற்காக மெல்ல ஊதினாள்.