இருபத்தோராவது விடைத்தாள்

2002 ஜனவரியில், செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறைக்கு உண்ணாமலை குடிவந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், நான்கு பாடப் புத்தகங்கள். முந்தின வருடம் ஒன்றரை மதிப்பெண்ணில் மருத்துவ இடம் கைநழுவிப் போயிருந்தது. இந்த முறை பள்ளி இல்லை, ஆசிரியர் இல்லை. நுழைவுத் தேர்வுக்குத் தானாகவே படித்தாக வேண்டும்.

“இந்த ஒரு வருசம்தான் கண்ணு,” என்றார் பெட்டியை இறக்கிய அப்பா வேடியப்பன். “அப்புறம் மாப்ள வூட்டுக்காரங்களுக்கு நான் பதில் சொல்லியாவணும்.”

அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை கம்மி. கதவு திறந்திருந்தால் எழுந்து போய்விடுவோம் என்று பயந்தாள். அதனால் வீட்டுக்காரி சந்திரம்மாளிடம் சாவியைக் கொடுத்து, பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை வெளியே பூட்டி வைக்கச் சொன்னாள்.

“நான் என்னா ஜெயில் வார்டனா?” என்று சிரித்தாள் சந்திரம்மாள். “டாக்டராயிட்டு மொத ஊசிய எனக்குப் போட்டுப் பழகாத, சொல்லிட்டேன்.”

பூட்டிய அறையில் பழைய சுண்ணாம்பு வாசனை அடித்தது. உண்ணாமலை கேள்வியைச் சத்தமாகப் படிப்பாள், கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாள். தவறினால் நோட்டில் ஒரு கோடு.

மார்ச்சில் ஒரு மதியம், “இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணு?” என்று கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் விழித்தாள்.

“எஸ்.ஏ. கணு,” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல்.

திரும்பினாள்.

சுவர்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் குரல் வந்தது. நோட்டில் கோடுகள் குறைந்தன. வெளியே சொன்னால் அப்பா ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார், சொல்லவில்லை.

ஏப்ரலில் அந்தக் குரலே கேள்வி கேட்கத் தொடங்கியது. ஒரு பதில் தவறினாலும் ஒரே சொல்.

“மொதல்லருந்து.”

தேர்வுக்கு முந்தின நாள் பௌர்ணமி. சந்திரம்மாள் கதவைப் பூட்டிவிட்டு மலை சுற்றப் போய்விட்டாள். உண்ணாமலை ஐம்பதாவது கேள்வியில் தவறினாள். மொதல்லருந்து. நாற்பத்தெட்டில் தவறினாள். மொதல்லருந்து. கதவை இரண்டு கையாலும் அடித்தாள். கீழே சாலை முழுக்கக் காலடிகளும் அரோகராவும், யாருக்கும் கேட்கவில்லை. மணி ஆறு தாண்டியது.

அப்போதுதான் கவனித்தாள். அது மெல்லிய குரலாக இல்லை.

அவளுடைய குரலாகவே ஆகியிருந்தது.

ஏழரைக்குப் பூட்டு திறந்தது. சந்திரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உள்ள யாரோ இருக்காங்கக்கா.”

சந்திரம்மாள் அறைக்குள் பார்க்கவில்லை. “ஒனக்கு முன்னாடி ஒருத்தி மூணு வருசம் இங்க படிச்சா,” என்று முணுமுணுத்தாள். “அவளும் பூட்டச் சொல்லுவா. பரீட்ச அன்னிக்குத் தொறக்கறேன், ஆளக் காணோம். ஜன்னல்ல கம்பி, வெளிய பூட்டு. எப்டிப் போனான்னு போலீசுக்கே புரியல.”

“ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா யாரு வருவா?”

உண்ணாமலை அன்று கீழ்வீட்டில் படுத்தாள். காலையில் வந்த அப்பாவோடு பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தேர்வு மையத்துக்குப் போனாள். தேர்வறையில் எந்தக் குரலும் இல்லை. தானாகவே எல்லாம் எழுதினாள். பென்சிலால் நிரப்பிய விடை வட்டங்களில் ஒரே ஒன்றை மட்டும் அழித்து மாற்றினாள். தாளில் கறை விழுந்தது.

மணி அடித்தது. கண்காணிப்பாளர் சகாதேவன் விடைத்தாள்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“குடுத்தது இருபது, வந்தது இருபத்தொண்ணு. கணக்கு சேர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்காதீங்க.”

கதவைச் சாத்தினார்கள். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, ஒவ்வொருவராக அனுப்பினார். கடைசியில் இரண்டு தாள்களோடு உண்ணாமலையிடம் வந்தார்.

“ரெண்டுலயும் ஒன் நம்பர், ஒன் கையெழுத்து. எதும்மா நீ எழுதினது?”

ஒன்றில் கறை இருந்தது. மற்றது சுத்தமாக இருந்தது. சொல்ல வாயெடுத்தாள்.

சத்தம் வரவில்லை.

“கறை இல்லாதது சார்,” என்றது பக்கத்திலிருந்து அவளுடைய குரல்.

அவர் மற்ற தாளைக் கிழித்தார். “சரி, கெளம்பு. அப்பா காத்துட்டிருப்பாரு.”

அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தன.

எழ முயன்றாள். கால் வரவில்லை. அவர் நடந்து போனார். கதவு சாத்தும் சத்தம், பிறகு பூட்டும் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பள்ளி வாசல் தெரிந்தது. வேப்பமர நிழலிலிருந்து அப்பா எழுந்து வந்தார். சிரித்துக்கொண்டே, வெளியே வந்த மகளின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.