பொரிக்கக் கூடாத வீடு

சாவியை என் கையில் வைத்த பிறகும் தாலாய் வளையத்தை விடவில்லை.

பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை மதியம். பிஷ்கெக் நகரத்தில் ஓஷ் பஜாருக்கு நடக்கிற தூரத்தில் பழைய ஐந்து மாடிக் கட்டடம். நான்காவது மாடியில் இரண்டு அறை, தெற்குப் பார்த்த ஜன்னல். பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? தாலாயின் அம்மா இறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டிலேயே துணி தைத்துப் பிழைத்தவர். வீடு ஏற்கெனவே மகன் பேரில் இருந்ததால், மாஸ்கோ வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் அவன் விற்றுவிட்டான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு," என்றான். "வருஷம் கழியிற வரைக்கும் வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்த அடுப்புல ஏழு ரொட்டி பொரிச்சு அம்மா பேரைச் சொல்லி ஓதிடுங்க. அவங்களுக்கு வாசனை மட்டுந்தானே போகும். இங்க அவங்களுக்குன்னு வேற யாரும் இல்ல."

"அதுக்கென்ன தம்பி, எங்க வீட்டு வேலை மாதிரி பாத்துக்கறேன். நீ நிம்மதியாப் போ."

நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னேன். ஆனால் என் கண் சமையலறைச் சுவர்மேல் இருந்தது. அதை இடித்தால் கூடம் எவ்வளவு பெரிதாகும் என்று மனசு அளந்துகொண்டிருந்தது. அவன் அம்மாவின் பேர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாத சடங்கா இது? என் அப்பா போய்ப் பதினொரு வருஷம். ஒரு வியாழக்கிழமை தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து அவருக்குப் பொரித்தவள் நான். என் அப்பாவுக்கு என்றால் அவ்வளவு அக்கறை. ஊரார் அம்மாவுக்கு வாய்ப்பேச்சு.

அடுத்த வாரமே வேலை ஆரம்பித்துவிட்டது. என் வீடுகளையெல்லாம் புதுப்பிக்கும் ஆதில் சமையலறைச் சுவரைச் சுரண்டினான். மஞ்சளாக, பிசுபிசுவென்று, மெழுகு மாதிரி சுருள் சுருளாக வந்தது.

"முப்பது வருஷத்து எண்ணெய்ப் புகை, அக்கா," என்றான். "இந்தச் சுவரை நக்கியே ஒரு மாசம் உயிரோட இருக்கலாம்."

"உன் வாயில மண்ணு விழ. சுரண்டு, ஒரு பொட்டு மிச்சம் இருக்கக் கூடாது."

"சுரண்டறேன். அந்தப் பையன் பொரிக்கச் சொல்லிட்டுப் போனான்னு சொன்னீங்களே, யாரு பொரிக்கறா இப்ப?"

"உனக்குக் கூலி சுவத்துக்கா, கேள்விக்கா?"

அவன் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த பழைய தையல் மெஷினைத் தூக்கி வெளியே வைத்தான். அது நின்ற இடத்தில் தரையில் நாலு பள்ளம். அதன்மேல் புதுப் பலகை போட்டோம். வெள்ளைச் சுண்ணாம்பு, வெள்ளை ஓடு, புது ஜன்னல். வீடு பளபளவென்று ஆனதும் நானே உட்கார்ந்து வாடகைப் பத்திரம் எழுதினேன். எட்டாவது வரி: எண்ணெயில் பொரிக்கக் கூடாது. இவ்வளவு செலவழித்து வெள்ளையடித்த கூரையை யார் மஞ்சளாக்க விடுவார்கள்?

மே மாதம் இரண்டு மாணவிகள் வந்தார்கள். முப்பதாவது நாள் சாவியை நீட்டினார்கள்.

"இந்த வீட்ல சாப்பாட்டுக்கு வாசனையே இல்ல அக்கா. பயமா இருக்கு."

வேறு வீடு பார்த்துவிட்டார்கள், சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆகஸ்டில் ஒரு லாரி டிரைவர். மலைபோல் ஆள். ஆறு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய், சோப்புக்குக்கூட வாசனை வரவில்லை என்று முனகிவிட்டுப் போனான். குடிகாரன் என்று திட்டினேன்.

அக்டோபரில் பெர்மெட் வந்தாள். இருபத்திரண்டு வயசு, கையில் இரண்டு மாசக் குழந்தை எமிர், புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. எட்டாவது வரியைப் படித்துவிட்டு, "சரிங்க அக்கா, வேகவச்சே சாப்பிட்டுக்கறேன்," என்றாள். பாவம், அப்படியே செய்தாள்.

நவம்பரில் ஒரு வியாழன் சாயங்காலம் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. புள்ள வீட்டுக்குள்ள பால் குடிக்க மாட்டேங்குது."

"டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"ஒண்ணும் இல்லைங்கறாரு. ஆனா எடை குறையுது. மாடிப்படில உக்காந்தா குடிக்கும், அதனால படியிலயே உக்காந்து குடுத்தேன். நேத்துலேருந்து அங்கயும் குடிக்கல, அக்கா."

அப்பாவுக்குப் பொரிக்க மாவும் பருத்திக்கொட்டை எண்ணெயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழி. பையோடு அப்படியே திரும்பினேன்.

ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. படிக்கட்டில் பூனை மூத்திரம், யார் வீட்டிலோ வேகிற முட்டைக்கோஸ், ஈரச் செருப்பு, எல்லாம் மூக்கில் ஏறியது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தேன்.

அத்தனையும் நின்றுவிட்டது.

நாற்றமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. சோப்பு வாசனை இல்லை. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கறி வாசனை இல்லை. மூக்கைப் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது.

"குடு," என்று குழந்தையை வாங்கி உச்சியில் மூக்கை வைத்தேன். பச்சைக் குழந்தையின் தலை எப்படி மணக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றுமில்லை.

குழந்தை மெலிந்து, கழுத்து நூலாகியிருந்தது. தாய் மார்பில் வைத்தாள். வாயைத் திறந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முகத்தால் தேடியது. அங்கேயே இருக்கிற தாயை அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பிறகு தேடுவதை நிறுத்தி, சமையலறை மூலையையே பார்த்தது. தையல் மெஷின் இருந்த மூலை.

"தினமும் அங்கதான் பாக்குது," என்று கிசுகிசுத்தாள் பெர்மெட்.

"கிளம்பு. எங்க வீட்டுக்குப் போலாம். இப்பவே."

முற்றத்துக்கு வந்தோம். குளிரில் நிலக்கரிப் புகை நாறியது. எனக்கு மூக்கு இருக்கிறது என்று நிம்மதியானேன். பெர்மெட்டின் தோளில் குனிந்து மோந்தேன்.

அவளிடம் மட்டும் வாசனை இல்லை.

அது வீட்டில் நின்றுவிடுகிற விஷயம் இல்லை, அவளோடு வந்துவிட்டது. குழந்தை அங்கேயும் குடிக்கவில்லை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. அப்போதுதான் என் கையில் தொங்கிய மாவுப் பை கனத்தது. யா அல்லா, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! முப்பது வருஷத்து வாசனையைச் சுரண்டிக் குப்பையில் போட்டேன், அந்த அம்மாவுக்குப் புதிதாக ஒரு பொட்டும் தரவில்லை. பசித்தவர் கிடைத்ததை எடுக்காமல் என்ன செய்வார்?

"மேல வா. பொரிக்கணும்."

"பொரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, அக்கா?"

மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

என் வெள்ளைச் சமையலறையில் மாவு பிசைந்தேன். ஏழு ரொட்டி தட்டினேன். எண்ணெய் காய்ந்தது. முதல் ரொட்டியைப் போட்டேன். சொய்ங் என்று பொங்கி எழுந்தது, புகை கிளம்பியது.

வாசனை வரவில்லை.

இரண்டாவது. மூன்றாவது. பொன்னாக உப்பி வந்தன; மணமில்லை. நாலாவது போட்டபோது புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. புகை அங்கே போகவில்லை. மூலைக்குப் போனது.

மெஷின் முன்னால் ஒருவர் உட்கார்ந்தால் முகம் வருமே, அந்த உயரம்.

அங்கே போய் நின்றது.

நின்று, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கப்பட்டது. விட்டு, மறுபடி இழுக்கப்பட்டது.

"அக்கா..."

"பேசாத. புள்ளையப் பிடிச்சுக்கோ."

ஆறு பொரித்தாகிவிட்டது. ஓத ஆரம்பித்தேன். முடிவில் இன்னாருக்குப் போய்ச் சேரட்டும் என்று பேர் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

பேர் தெரியாது.

புகை அசையாமல் காத்திருந்தது. மாவுக் கையோடு போனை எடுத்து மாஸ்கோவுக்குப் போட்டேன்.

"தாலாய், உங்க அம்மா பேரு என்ன தம்பி? சீக்கிரம் சொல்லு."

தாலாய் மெதுவாகக் கேட்டான்:

"ஒன்பது மாசமா யார் பேரைச் சொல்லிப் பொரிச்சீங்க, அக்கா?"

"பொரிக்கல தம்பி. பொரிக்கவே இல்ல. இங்க ஒரு பச்சப் புள்ள சாகப் போகுது. பேரைச் சொல்லுப்பா."

"ஜூராகான்," என்றான். போனை வைத்துவிட்டான்.

ஏழாவது ரொட்டியை எண்ணெயில் விட்டேன். "ஜூராகானுக்குப் போய்ச் சேரட்டும்," என்றேன்.

அடேயப்பா, அந்த வாசனை! பொரிந்த மாவு, பருத்திக்கொட்டை எண்ணெய், உப்பு. கூடவே சூப்பு, சோப்பு, ஈரத்துணி, பால், எல்லாம் ஒரேயடியாக வந்து மூக்கில் அடித்தது. பெர்மெட் விம்மினாள். திரும்பிப் பார்த்தேன். எமிர் மார்பைக் கவ்வி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான்.

எட்டாவது வரியை அன்றைக்கே அடித்துவிட்டு, வியாழக்கிழமை தவறாமல் பொரிக்க வேண்டும் என்று எழுதினேன். பெர்மெட் பொரித்தாள். கூரை மஞ்சளாக ஆரம்பித்தது; ஆதில் பார்த்துவிட்டு, முதல்முறையாக, கிண்டல் பண்ணவில்லை. பிப்ரவரியில் தாலாய் வந்து, ஆடு அறுத்து, வருஷத்தைக் கழித்தான். என் முகத்தைப் பார்க்காமல் எனக்கும் ஒரு துண்டு கறி வைத்தான். எமிர் கொழுகொழுவென்று மடியில் உட்கார்ந்து ரொட்டியைச் சப்பினான். இனி அவருக்குப் பொரிக்க வேண்டியதில்லை, முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வியாழன், என் வீட்டில், என் அடுப்பில், அப்பாவுக்குப் பொரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று; மணம் வரவில்லை. கொஞ்சம் ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன். ஆறு வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஏழாவதைப் போட்டு அப்பா பேரைச் சொன்னேன்.

ஒன்றுமில்லை.

மறுபடி சொன்னேன். அவருடைய அப்பா பேரையும் சேர்த்து, சத்தமாகச் சொன்னேன். எண்ணெய் மட்டும் சொய்ங் என்றது.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஜூராகான்."

வீடு முழுக்க மணத்தது.