மூன்று விநாடி இடம்

கேசட் நின்ற பிறகும் ஸ்பீக்கரில் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அமிர்தராஜ் முதலில் பயப்படவில்லை. கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவன்; காரணம் தெரிந்தவன். வரும் ஒலியை, சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் நினைவகத்தில் ஒதுக்கிய ஓர் இடத்தில் பிடித்து வைக்கும். பஃபர் என்பார்கள். அறுபத்துநாலு கிலோபைட், அதற்குமேல் தராது. தெளிவான குரலென்றால் மூன்று விநாடி. நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்காரும். புதிதாக எதுவும் வராவிட்டால் கடைசி மூன்று விநாடியே சுற்றிச் சுற்றி ஒலிக்கும்.

ஆனால் சுற்றி வருவது மாறாது. நாலாவது சுற்றில் குழந்தை விக்கியது.

கேசட் பக்ருன்னிசா கொண்டுவந்தது. உக்கடத்தில் தையல் தைக்கும் பெண். ஆறு வயது மகள் ரம்ஷா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் குரலென்று மிஞ்சியது பூஞ்சை பிடித்த இந்த ஒரு கேசட்தான். அதில் இருந்ததும் ஒரு பள்ளிக்கூடப் பாட்டு மட்டும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரக் கேட்டு வந்த முகத்தைப் பார்த்து, முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வெளியே ஐப்பசி மழை. கீழே லேத்துகள் இரைய, சூடேறிய எண்ணெய் வாடை தரைப்பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து, ஈரத்துணியின் வாடையோடு அறைக்குள் தேங்கி நின்றது.

"ஏனுங்க தம்பி, புள்ளை அழுகிறாப்பல இருக்குதுங்களே?" பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பக்ருன்னிசா கேட்டார்.

"பழைய கேசட்டுங்க அக்கா. கொஞ்சம் பொறுங்க."

ஸ்பீக்கர் சொன்னது: "ம்மா… இடம் பத்தல."

பக்ருன்னிசா அலறவில்லை. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"குழி ரொம்பச் சின்னதுன்னு அவ அத்தா அடக்கம் பண்ணிட்டு வந்து சொன்னாருங்க. கொஞ்சம் இடம் கொடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சுவிட்சை அணைக்கப் போன கை நின்றது. ஆண்டவரே, ஒரு குழந்தைக்குக் கொஞ்சம் இடம். இதில் என்ன பாவம்?

அறுபத்துநாலை நீட்ட முடியாது. தெளிவைக் குறைத்தால் அதே இடத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும். பாதியாகக் குறைத்தான். ஆறு விநாடி. குரல் போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கியது.

"ம்மா, காலை நீட்டிக்கிட்டேன்."

தாய் அழுதுகொண்டே சிரித்தார். "இன்னும் கொஞ்சம் தம்பி." சவுண்ட் கார்டு தாங்கும் கடைசி அளவுக்கு இறக்கினான். பதினாறு விநாடி.

ரம்ஷாவின் குரல் சந்தோஷமாக, யாரையோ பார்த்து: "இங்க இடம் இருக்கு. எல்லாரும் வாங்க."

ஓர் இருமல். அது பையன். பிறகு ஒரு கைக்குழந்தை. பிறகு இன்னும் பல.

நிரம்பியது.

"எம் புள்ளை எங்கீங்க? அவ சத்தம் கேக்கலீங்களே?"

 முதலில் வந்ததுதான் முதலில் அழியும்.

கரண்ட் போனது. லேத்துகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திரை இருண்டது. ஸ்பீக்கரும் ஊமையானது. அமிர்தராஜ் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அக்கா, முடிஞ்சுதுங்க. ஊட்டுக்குப் போங்க."

பக்ருன்னிசா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அழுகாதே கண்ணு. உன் பேரென்ன? எங்க ரம்ஷாவைப் பாத்தியா?… இல்லியா? சரி, நீயும் வா."

அவர் முழங்கால்களை அகட்டிச் சீலையை விரித்தார். மடியில் துணி ஒரு சிறு பாரத்துக்கு அமிழ்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"நகந்துக்க கண்ணு. பாப்பாவுக்கு இடம் விடு. நீ ரம்ஷாவைப் பாத்தியா?"

மடி நிறைந்தது. அவர் தலை நிமிர்ந்தார். கண்ணில் அவ்வளவு கனிவு.

"தம்பி, உங்க மடியிலயும் கொஞ்சம் இடம் கொடுங்க."

அவன் எழப் பார்த்தான்.

மண் வாசனை. தொடைமேல் ஈரமாக ஒரு சின்னக் கை ஊன்றியது. ஏறுவதற்கு.