வெனிஸிலிருந்து வந்த காவல்

பன்னிரண்டாம் மாடியில் பாசி மணத்தது. ஹீற்றர் ஓடி ஓடி மூக்கின் உட்புறம்கூட வறண்டு வெடிக்கிற மார்கழி மாதம். ரொறன்ரோ அஜின்கோர்ட்டின் அந்த அப்பார்ட்மென்டில் ஜன்னல் எதுவும் திறந்து மாதக்கணக்காகிவிட்டது. அப்படியிருந்தும், வேலையால் வந்து கதவைத் திறந்த மங்கையற்கரசியின் முகத்தில், தேங்கிய உப்புத் தண்ணீரும் நனைந்த கல்லும் அழுகிய பாசியும் கலந்த மணம் அடித்தது. குசினித் தொட்டியை மணந்து பார்த்தாள். குளியலறைக் குழாயை மணந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. சாமி அலுமாரிப் பக்கம் போகப் போகத்தான் மணம் கூடியது.

அலுமாரி என்பது பெரிய பேச்சு. கோட்டுக் கொழுவ வெள்ளைக்காரன் கட்டி வைத்த சின்ன அறையைத்தான் அவள் கோயிலாக்கியிருந்தாள். அதன் நடுவில், சட்டம் போட்ட பெரிய ஃபோட்டோவாக, ஆடி மாதம் வந்து சேர்ந்த புதுச் சாமி நின்றது. பிள்ளையார் மூலைக்குப் போயிருந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினதாம் என்று கணவர் கோணேஸ்வரன் பகிடி பண்ணுவார்.

கொண்டுவந்ததே அவர்தான். சுவிசில் ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில், வெனிஸ் பார்க்காமல் திரும்புவதில்லை என்று பிடிவாதம் பிடித்தார். தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடுகிற அந்த ஊரில், பழைய தேவாலயம் ஒன்று விடாமல் கமெராவும் கையுமாக ஏறி இறங்கினார். மங்கையற்கரசிக்குக் கால் கடுத்தது. கடைசியாகப் போன தேவாலயத்தில், மூலையில் ஒரு பீடமும் அதற்கு மேலிருந்த பழைய ஓவியமும் இருட்டாகக் கிடந்தன. சுவரில் இருந்த பெட்டியில் காசு போட்டால் கொஞ்ச நேரம் படத்துக்கு வெளிச்சம் வரும் என்றார்கள். கோணேஸ்வரன் போட்டார்.

டக்கென்று வெளிச்சம் விழுந்தது. சிவப்பு அங்கி. முழங்கை வரை திரைத்துவிட்ட கை. கையில் வளைந்த கத்தி. மார்பை நிமிர்த்தி ஒருவன் நின்றான். அவன் காலடியில், மரத்தோடு கட்டுண்டு, எலும்பும் தோலுமாக ஒரு கிழவன் கிடந்தான். மங்கையற்கரசிக்கு மயிர் கூச்செறிந்தது. காளியும் வைரவரும் நிற்கிற நிலை அல்லவா அது! ஆயுதத்தோடு நிற்பவர் சாமி, காலடியில் கிடப்பவன் அசுரன். இதை ஒருவர் சொல்லித்தரவும் வேண்டுமா? சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினாள்.

"சாமி, தயாபரன் எண்டொருத்தன் என்ர பிள்ளை நிருஜாவை விடுறானில்லை. பஸ்ஸால இறங்கினாப் பின்னால வாறான். முகத்தில அசிட் அடிப்பன் எண்டுறான். நீ எங்கட வீட்டுக்கு வா. வந்து காவல் இரு. அவனை நீ பார்."

சொல்லி முடிய வெளிச்சம் நின்றது.

ரொறன்ரோ திரும்பியதும் கணவர் எடுத்த படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டாள். நாளும் பொட்டு, வெள்ளிக்கிழமையில் தேசிக்காய் வெட்டி விளக்கு. ஐப்பசியில் தயாபரனை ஒரு பிளாசாவின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கிடையில் கண்டெடுத்தார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் இல்லை. கிழிபடவில்லை, கோழி உரிப்பதுபோல் பக்குவமாக உரிபட்டிருந்தது. கோஷ்டிச் சண்டை என்று பேப்பர்க்காரர் எழுதினார்கள். நிருஜா அறைக்குள் கிடந்து அழுதாள். மங்கையற்கரசி தேங்காய் உடைத்தாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அந்தச் சாமியின் காலடியிலிருந்துதான் பாசி மணத்தது.

கதவு தட்டினது மக்டலீன், அதே மாடி நடைவழியின் மற்றத் தொங்கலில் இருக்கிற பாஷையூர்ப் பெண். நத்தாருக்குச் சுட்ட பலகாரத்தோடு வந்தவள், உள்ளே காலை வைத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா, கடற்கரை மாதிரி மணக்குது?" திறந்து கிடந்த அலுமாரிப் பக்கம் அவள் கண் போனது. "உது ஆர்?"

"வெனிஸ் சாமி. நல்ல சக்தியான சாமி."

மக்டலீன் கிட்டப் போனாள். பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சிலுவை போட்டாள்.

"அக்கா, இது எங்கட பர்த்தலோமேயு. கர்த்தரின்ர சீடர். உயிரோட தோலை உரிச்சுக் கொன்றவங்கள்."

"ஓம், உரிக்கிறார்தானே."

"ஐயோ, உரிக்கிறவன் இல்லையக்கா! கீழ கட்டுண்டு கிடக்கிறாரே, அவர்தான் அர்ச்சிஷ்டவர். நிக்கிறவன் கொலைகாரன். கூலிக்கு உரிக்கிறவன். உவனுக்கே பொட்டு வைச்சனீங்கள்?"

மங்கையற்கரசி கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தாள். வெனிஸில் கேட்டதை, தயாபரனின் பெயரைச் சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டினாள். மக்டலீனின் முகம் வெளிறியது.

"கடவுளெண்டால் நல்லது கெட்டது பாப்பார். உவனுக்கு என்ன தெரியும்? ஒரு பேரைச் சொல்லி ஆளைக் காட்டினாப் போதும். நீங்கள் கூப்பிட்டதால வந்திட்டான், இனி வேலை கேப்பான். நில்லுங்கோ, வீட்டில தீர்த்தம் கிடக்கு. எடுத்துக்கொண்டு ஓடி வாறன்."

அவள் போனதும் மங்கையற்கரசி படத்தைக் கழற்றிக் குப்புறப் போட்டாள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டியிருக்கிறாள். அதுவும் கடல் கடந்து போய்! காலடியில் கார்பெற் சளக்கென்றது. குனிந்து தொட்டாள். ஈரம். அந்த ஈரம் அலுமாரியிலிருந்து தொடங்கி, ஹோலைக் கடந்து, நிருஜாவின் அறை வரை போயிருந்தது.

அங்கிருந்து ஒரு சத்தம். சர். சர். கல்லில் இரும்பு தீட்டுகிற சத்தம்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

நிருஜா காதில் ஹெட்ஃபோனோடு மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கதிரைக்குப் பின்னால் அவன் நின்றான். சிவப்பு அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தையற்காரன் துணி பார்ப்பதுபோல் குனிந்து அவளுடைய பிடரியைப் பார்த்தான். கத்தி நுனியால் தலைமுடியை ஒதுக்கினான். ஈ என்று நினைத்து நிருஜா கையை வீசினாள்.

அவன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான்.

அந்த முகத்தில் கோபம் இல்லை. வெறியும் இல்லை. வேலைக்கு வந்தவனின் முகம். அடுத்தது ஆர் என்று கேட்கிற முகம்.

"பிள்ளையை விடு," என்றாள்.

அவன் காத்திருந்தான். பிறகு கத்தியைப் பிடரியில் வைத்தான். ஒரு துளி ரத்தம். நிருஜா "அவுச்" என்றாள்.

பெயர் வேண்டும். ஒரு பெயர். தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பயம் அதை விழுங்கியது. வெளியே வந்தது வேறு.

"மக்டலீன்."

அறை வெறுமையானது.

வாசற்கதவு தட்டப்பட்டது. "அக்கா, திறவுங்கோ. தீர்த்தம் கொண்டந்திட்டன்."

மங்கையற்கரசி ஓடிப்போய்க் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். மக்டலீன் கையில் போத்தலோடு மூச்சு வாங்க நின்றாள். அவளுக்குப் பின்னால் சிவப்பு. திறக்கலாம். இழுத்து உள்ளே எடுக்கலாம். திறந்தால் அவனும் வருவான். உள்ளே பிள்ளை.

சங்கிலியைக் கொழுவினாள்.

அந்தச் சத்தம் மக்டலீனுக்குக் கேட்டது. "அக்கா?" என்றாள்.

அவன் கை அவளுடைய பிடரிக்குப் போனது. ஒரு கீறல். விரல் உள்ளே போனது. ஒரே இழுவை. போத்தல் விழுந்து உருண்டது. அலறல் பாதியில் நின்றது, ஆனால் அவள் நிற்கவில்லை. கதவைப் பிராண்டினாள், பிராண்டிய விரல்களில் தோல் இல்லை. மங்கையற்கரசி கண்ணை எடுக்க நினைத்தாள். முடியவில்லை. அவன் குனிந்து, நிதானமாக, கால் வரை முடித்தான். முடித்ததை உதறி, துவைத்த சேலையைப்போல் மடித்துக் கையில் போட்டான். கீழே சிவப்பாக ஒன்று இன்னும் அசைந்தது.

பிறகு அவன் கதவில் காதை வைத்தான்.

பெயருக்காக.

மங்கையற்கரசி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினாள். மூச்சும் விடவில்லை. பின்னால் நிருஜா ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு, பிடரியைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வட்ஸ் கோயிங் ஒன், அம்மா? ஆர் வெளியில? அப்பாவோ?"

பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். பிந்திவிட்டது.

கதவிலிருந்து காது எடுபட்டது. ஈரக் காலடிகள் நடைவழியில் போயின. துளைக்குள்ளால் பார்த்தாள். அவன் எலிவேற்றருக்கு முன்னால் போய் நின்றான். மணி அடித்தது. கதவுகள் விலகின. உள்ளே, பிறம்ரன் வேர்ஹவுஸ் வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையோடு, சப்பாத்தில் அப்பிய பனியைத் தட்டிக்கொண்டு கோணேஸ்வரன் நின்றார்.