மூன்றாம் மாடித் தலைவலி

டெலிபோன் அலறியது.

"சார்... என் பொண்டாட்டி எனக்கு விஷம் வெக்கிறா! இப்பவே வாங்க... நாளைக்கு வந்தா பொணத்தைத்தான் பார்ப்பீங்க!"

பத்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் அந்த மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருந்தார்.

போன் செய்தவர் பள்ளிக்கூட வாத்தியார். சோபாவில் வெளிறிப்போய்க் கிடந்தார். எதிரே மனைவி, தையல்கடைக்காரி. அவள் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

"ஒரு வாரமா தலைவலி, வாந்தி சார். ஸ்கூலுக்குப் போனா சரியாயிடுது. வீட்டுக்கு வந்தா..."

"எனக்கும்தான்!" மனைவி சீறினாள். "கடையில இருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்லை. இங்க வந்தா மண்டையைப் பொளக்குது. இவர்தான் எதையோ கலக்குறாரு!"

"நானா? மூணு நாளா நான் ஓட்டல்லதான்டி சாப்பிடறேன்!"

"நானும் வெளியிலதான்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். இரண்டு பேருமே வீட்டில் சாப்பிடவில்லை. ஆனாலும் தலைவலி!

போதாக்குறைக்கு அவருக்கே இப்போது கிறுகிறுவென்று வந்தது. இந்த வீட்டில் அவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே!

"ஜன்னலுக்கெல்லாம் எதுக்கு டேப் ஒட்டியிருக்கு?"

"பக்கத்துல கட்டடம் இடிக்கிறாங்க சார். ஒரே தூசி."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா..."

குளியலறையில் ஏதோ 'புஸ்'ஸென்று சத்தம். பாய்ந்தார். குளிக்க வெந்நீருக்காகப் போட்ட கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தார். கைக்குட்டையைச் சுற்றிப் புகைக்குழாயைக் கழற்றினார். பொலபொலவென்று கொட்டியது, ஒரு முழுப் புறாக்கூடு!

அடுத்த நிமிடம் டேப்பெல்லாம் கிழிந்தது. ஜன்னல்கள் திறந்தன.

"விஷம் சாப்பாட்டுல இல்லைய்யா... காத்துல! குழாய் அடைச்சுக்கிட்டதால ஹீட்டர் புகை வெளியே போக வழியில்லை. அதுல இருக்கிறது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத வாயு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஜோடியா தூக்கத்துலயே போயிருப்பீங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே! நான் மனுஷனே இல்லைடி. இனிமே உன் கையாலதான் சாப்பிடுவேன்!"

சொன்னதோடு நின்றாரா மனிதர்? சமையல் மேடையில் மூடி வைத்திருந்த காப்பியை எடுத்து மடமடவென்று குடித்தே விட்டார்.

"ஐயோ... அதைக் குடிக்காதீங்க!"

மனைவிதான் அலறினாள். "நீங்க என்னைக் கொல்லப் பார்க்கறீங்கன்னு நெனச்சு... நான் முந்திக்கிட்டேங்க! அதுல எலி மருந்து!"

வாத்தியாரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

இன்ஸ்பெக்டர் அலட்டிக்கொள்ளாமல் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ ஜீப்ல ஏறும்மா. எங்க லாக்கப் ஜன்னலுக்குக் கதவே கிடையாது... காத்து நல்லா வரும்!"